மலையகத் திட்டங்களில் நட்டம் யாருடையது என்பதைக் கையொப்பத்துக்கு முன்னரே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தின் வீதிகள், குடிநீர்த் திட்டங்கள், சிறு நீர்மின் நிலையங்கள், சுற்றுலாவுக்கான கேபிள் கார் என அடுத்தடுத்துப் பேசப்படும் திட்டங்களுக்கு அரசாங்கத்திடம் பணம் இல்லை, ஆகவே தனியாரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்து இப்போது கட்சி வேறுபாடின்றி ஒலிக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு வேறு வழி அதிகம் இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலையகத்தின் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் சிதைத்துவிட்டுப் போன பிறகு அந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. அரச–தனியார் பங்குடைமைக்கெனத் தனிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் முயற்சியும் நடைபெறுகிறது. ஆனால் இவை பற்றி வரும் அறிவிப்புகளில் முதலீட்டுத் தொகை இருக்கிறது, வேலைவாய்ப்பு பற்றிய வாக்குறுதி இருக்கிறது, அடிக்கல் நாட்டும் படமும் இருக்கிறது; திட்டம் பிசகினால் நட்டம் யாருடையது என்ற ஒரு வரி மட்டும் இருப்பதில்லை. அந்த ஒரு வரியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் உள்ளூராட்சித் துறையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். கேள்விப்பத்திரங்களோடும் ஒப்பந்தங்களோடும் பழகியவன் என்ற முறையில் சொல்வதானால், ஒரு கட்டுமானத்தில் என்னென்ன பிசகக்கூடும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். காணி உரிய நேரத்தில் கைக்கு வராமற் போகலாம். தோண்டும்போது எதிர்பாராத பாறையோ நீரோ குறுக்கிடலாம். வட்டி ஏறலாம், ரூபாய் இறங்கலாம். கட்டி முடித்த பின் எதிர்பார்த்த அளவுக்குப் பாவனையாளர் வராமல் இருக்கலாம். ஆட்சி மாறி, வந்தவர்கள் ஒப்பந்தத்தையே கிழித்துப் போடலாம். ஒப்பந்தக் காலம் முடிந்து சொத்து அரசிடம் திரும்பி வரும்போது அதில் தேய்ந்த இயந்திரமும் ஒழுகும் கூரையுமே மிஞ்சியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் நேர்வதற்கான வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் செலவு எவ்வளவு, தடுக்க என்ன செய்யலாம், அதையும் மீறி நேர்ந்தால் யார் ஏற்பது என்று நிரல் நிரலாக எழுதி வைப்பதையே இடர் அட்டவணை என்கிறோம். ஓர் இடரை யாரால் கட்டுப்படுத்த முடியுமோ அவரிடமே அதை ஒப்படைக்க வேண்டும், எவராலும் கட்டுப்படுத்த முடியாததைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் அல்லது காப்புறுதி செய்ய வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. காணியைச் சுவீகரித்துக் கொடுக்கும் அதிகாரம் அரசிடம் மட்டுமே உள்ளதால் காணித் தாமதத்தின் நட்டம் அரசுக்கு உரியது. கட்டுமானச் செலவு கூடுவது கட்டுபவருக்கு உரியது. இந்த எல்லைவரை எவரும் சண்டையிடுவதில்லை.

எல்லா இடரையும் கம்பனியின் தலையில் கட்டிவிட்டால் மக்கள் தப்பிவிடுவார்கள் என்று தொழிற்சங்க மேடைகளில் சொல்லக் கேட்கிறேன். அது தவறான கணக்கு. வாரத்துக்கு வயல் எடுத்தவன் விளைந்ததில் பங்கு கொடுத்தாற் போதும். குத்தகைக்கு எடுத்தவன் மழை பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தே ஆக வேண்டும், ஆகையால் அவன் அந்த ஆபத்தையும் கணக்கிலெடுத்துத்தான் குத்தகையைக் குறைத்துப் பேசுவான். கம்பனியும் அப்படியே செய்யும். தன்னால் தடுக்க முடியாத ஒன்றுக்குப் பொறுப்பேற்கச் சொன்னால் அதற்கொரு விலையை வைத்து, அந்த விலையைக் கட்டணத்தில் ஏற்றும். விலை வைக்க முடியாத அளவுக்குப் பெரிதென்றால் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகும். பாதியில் நிற்கும் ஒரு பாலத்தை நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டு கட்டி முடிக்க முடியாது.

அதற்கு மறுபுறம், கொழும்புத் துறைமுகத்தை உதாரணமாகக் காட்டி, அங்கே வெற்றி பெற்ற முறை மலையகத்தில் ஏன் வெற்றி பெறாது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1999 இல் மகாராணி எலிசபெத் இறங்குதுறை 30 ஆண்டு உடன்படிக்கையில் தனியார் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. பின்னர் தெற்கிலும் மேற்கிலும் 35 ஆண்டு உடன்படிக்கைகளில் முனையங்கள் எழுந்தன. அங்கே கப்பல் நிறுவனங்கள் கட்டணத்தை டொலரில் செலுத்துகின்றன, முதலீட்டாளரும் டொலரிலேயே கடன் பட்டிருக்கிறார். ரூபாய் சரிந்தால் இருவருக்கும் தூக்கம் கெடுவதில்லை. மலையகத்தில் கட்டப்படும் வீதிக்கோ குடிநீருக்கோ பணம் கொடுக்கப் போகிறவர் ரூபாயில் சம்பளம் வாங்குபவர். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதங்களுக்குள் 360 ரூபாயைத் தொட்டது. டொலரில் கடன் வாங்கி ரூபாயில் கட்டணம் அறவிடும் ஒரு திட்டம் அப்போது இங்கே ஓடிக்கொண்டிருந்திருந்தால், ஒன்றில் கட்டணம் ஒரே ஆண்டில் முக்கால் மடங்கு ஏறியிருக்கும், அல்லது அந்த வித்தியாசத்தைத் திறைசேரி கொடுத்திருக்கும், இரண்டும் இல்லையென்றால் கம்பனி கடையைச் சாத்தியிருக்கும்.

அனல் மின்நிலையங்களின் வரலாறு இதை நமக்கு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. தனியார் நிலையங்களிடமிருந்து மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கொள்ளளவுக் கட்டணம் செலுத்த வேண்டும், எரிபொருள் விலை ஏறினால் அது அப்படியே இலங்கை மின்சார சபையின் கணக்குக்கு வரும் என்ற வகையில் அந்த ஒப்பந்தங்கள் அமைந்தன. முதலீட்டாளரைப் பழிப்பதற்கில்லை, கேட்டதைக் கொடுத்தவர்கள் நாம். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் தாபோல் மின்நிலையம் டொலரோடு கட்டப்பட்ட விலையால் மாநில மின்சார வாரியத்தைத் திணறவைத்து, 2001 இல் மூடப்பட்டு நின்றதைப் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே மலையகத் திட்டம் எதுவாயினும், கடன் எந்த நாணயத்தில், வருமானம் எந்த நாணயத்தில் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்வது நமது முதற் கேள்வியாக இருக்கட்டும்.

பாவனையாளர் எத்தனை பேர் வருவார்கள் என்ற மதிப்பீடு இன்னொரு புதைகுழி. மெக்சிக்கோவில் 1989 தொடக்கம் கட்டண நெடுஞ்சாலைகளைத் தனியாரிடம் கொடுத்தபோது, மிகக் குறுகிய காலத்தில் சாலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னவருக்கே ஒப்பந்தம் கிடைத்தது. குறுகிய காலத்தில் போட்ட பணத்தை எடுக்கக் கட்டணத்தை மிக உயர்த்த வேண்டியிருந்தது. லொறிகள் எல்லாம் பழைய இலவசச் சாலையிலேயே போயின. 1994 இறுதியில் நாணய நெருக்கடியும் சேர்ந்தது. 1997 இல் அரசாங்கம் 23 சாலைகளைக் கடனோடு திருப்பி எடுத்துக்கொண்டது. தென்கொரியா வேறு வழியில் போனது. மதிப்பிட்ட வருமானத்தில் குறிப்பிட்ட வீதம் குறைந்தால் மிகுதியை அரசே தரும் என்று 1999 இல் உத்தரவாதம் கொடுத்தது. உத்தரவாதம் இருக்கும்போது எவர்தான் மதிப்பீட்டைக் குறைத்துச் சொல்வார்? பல ஆண்டுகள் பணம் கொடுத்துக் களைத்த பின் 2009 இல் அந்த முறையையே கைவிட்டார்கள். சிலி நாட்டவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தமானது. 1998 இல் சந்தியாகோவிலிருந்து வல்பராய்சோவுக்குச் செல்லும் பாதையை ஒப்பந்தத்துக்கு விட்டபோது, காலத்தை முன்கூட்டி நிர்ணயிக்காமல், தனக்கு மொத்தமாக எவ்வளவு வருமானம் வேண்டும் என்று குறைவாகக் கேட்டவருக்குக் கொடுத்தார்கள். வாகனம் அதிகம் ஓடினால் அந்தத் தொகை சீக்கிரம் சேர்ந்து சாலை சீக்கிரம் அரசிடம் வரும். குறைவாக ஓடினால் ஒப்பந்தம் தானாக நீளும். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்தைக் கண்டு ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும் என்று கணக்குப் போடக்கூடிய கேபிள் கார் யோசனைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

மலையக மக்களுக்கு இவையெல்லாம் அந்நியமான பாடங்கள் அல்ல. நாம் குடியிருக்கும் மண்ணே நாட்டின் மிகப் பெரிய அரச–தனியார் ஏற்பாடுகளில் ஒன்றின் கீழ்தான் இருக்கிறது. 1972 இலும் 1975 இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்கள் 1992 இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழ் கொண்டுவரப்பட்டு, அவற்றின் முகாமை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் கொடுக்கப்பட்டது. இலாபத்தில் முகாமையாளருக்குப் பங்கு, நட்டம் அரசின் கணக்கில் என்றிருக்கையில், ஐந்தாண்டில் போகக்கூடியவர் தேயிலைக் கன்றை நட்டு ஏன் காத்திருக்க வேண்டும்? 1995 முதல் பங்குகளை விற்று, 1992 இலிருந்து 53 ஆண்டுகள் என்று குத்தகையை வகுத்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். இவ்வாறு பணம் போட்டவரின் இடர் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கவனிக்கப்பட்டது. (மழையால் கொழுந்து குறைந்தால் நட்டம் யாருக்கு என்ற கேள்விக்குத் தோட்டத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே விடை எழுதியாகிவிட்டது: நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம்.)

ஆனால் தோட்டத்துப் பாதை யாருடையது என்பதை எவரும் எழுதவில்லை. கம்பனி தனக்குக் கொழுந்து லொறி போகும் பாதை போதும் என்றது. வீதி அபிவிருத்தி அதிகார சபை பிரதான வீதியோடு நின்றது. பிரதேச சபையோ, தோட்டத்துக்குள் நிதி செலவிடுவதற்குத் தடையாக இருந்த பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டியது. அந்தப் பிரிவு 2018 இல்தான் திருத்தப்பட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு, மழைக்காலத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு பிரதான வீதிவரை நடந்தவர்கள்தான் அந்த எழுதப்படாத பராமரிப்புப் பொறுப்பை ஏற்றவர்கள். ஒப்பந்தத்தில் இடம்பெறாத இடர் இல்லாமற் போய்விடுவதில்லை. அதில் கையொப்பமிடாதவரின் வாசலுக்கு வந்து சேர்கிறது. நான் சொல்ல விரும்புவது இதைத்தான், மற்றவை இதற்கான விளக்கங்களே.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். மேற்படி குத்தகைகள் 2045 இல் முடிகின்றன. இன்று தோட்டக் காணியில் 30 ஆண்டுக்கு ஒரு நீர்மின் நிலையமோ விடுதித் தொகுதியோ ஒப்பந்தமானால் அதன் ஆயுள் காணியின் குத்தகையைத் தாண்டிப் போகும். அப்போது காணியை வைத்திருப்பவர் யார், அவருக்கு இந்த ஒப்பந்தம் கட்டுப்படுமா என்பதை இப்போதே எழுதாவிட்டால், இருபது ஆண்டு கழித்து வழக்கறிஞர்களுக்கு நல்ல வருமானம் இருக்கும்.

உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டம் அரச–தனியார் பங்குடைமை அல்ல. ஈரானிய நிறுவனமொன்று வடிவமைத்துக் கட்டிக்கொடுத்த அரச திட்டம். எனினும் மலைக்குள் தோண்டும் எந்தத் திட்டத்தின் இடர் அட்டவணைக்கும் அதைவிட நல்ல ஆசான் இல்லை. 2015 இல் முடியும் என்று எதிர்பார்க்கப்பட்ட அந்த 120 மெகாவாற் திட்டம் 2024 ஏப்ரலிலேயே திறந்துவைக்கப்பட்டது. ஈரானுக்கு எதிரான தடைகளால் அந்நாட்டு ஏற்றுமதி அபிவிருத்தி வங்கியின் கடன் இடையில் நின்றுபோக, எஞ்சிய செலவை இலங்கை அரசே ஏற்க நேர்ந்தது. கடன் தருபவர்மீது வெளிநாடுகள் தடை விதித்தால் என்ன செய்வது என்பது அட்டவணையில் ஒரு வரியாக இருந்திருக்க வேண்டியது. அதைவிடப் பெரிய வரி நிலத்தடி நீர். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீடுகளின் சுவர்கள் பிளந்தன. தண்ணீர் பவுசர்களின் பின்னால் வாளிகளோடு வரிசையில் நின்றவர்கள் எவரும் அந்த ஒப்பந்தத்தின் தரப்பினர் அல்லர்.

இத்தகைய பாதிப்பில் மிகக் கடினமானது நிரூபணம். வீட்டுச் சுவரில் வெடிப்புத் தோன்றியதும் அதன் குறுக்கே ஒரு விரலகலத்துக்குச் சாந்து பூசி, அது காயுமுன் அன்றைய திகதியை ஆணியால் கீறி வைப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். சில வாரங்களில் அந்தச் சாந்தும் வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அறியலாம். ஆனால் அது எப்போது தொடங்கியது, சுரங்கத்தால்தான் தொடங்கியதா என்பதை அந்தச் சாந்து சொல்லாது. வேலை தொடங்குமுன் கிணற்றின் நீர்மட்டத்தை ஓராண்டாவது அளந்தும், சுவர்களைப் படமெடுத்தும் பதிவு செய்திருந்தால் மட்டுமே பின்னர் பேச இடமுண்டு. அந்தப் பதிவு இல்லாதபோது, தன் வீடு முன்பு நன்றாக இருந்தது என்று நிரூபிக்கும் பாரம், அளவுகோலோ ஆவணமோ இல்லாத வீட்டுக்காரர்மீது விழுகிறது. எனவே சுரங்கம், வெடிவைப்பு, ஆழமான மண்வெட்டு ஆகியவை உள்ள எந்த ஒப்பந்தத்திலும் முன்பதிவுச் செலவு திட்டச் செலவில் சேர வேண்டும். குறித்த எல்லைக்குள் கிணறு வற்றினால், திட்டத்தால் அல்ல என்று காட்டும் பொறுப்பு கட்டுபவருக்கே இருக்க வேண்டும். நட்டஈட்டுக்கான ஒரு தொகை தொடக்கத்திலேயே தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். இதனால் திட்டச் செலவு கூடும் என்பார்கள். அந்தச் செலவு இப்போதும் இருக்கிறது. வேறொருவர் செலுத்துவதால் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இனி மண்சரிவு. பெரும்பாலான ஒப்பந்தங்களில், மனித சக்திக்கு அப்பாற்பட்ட இயற்கை அனர்த்தம் நேர்ந்தால் எத்தரப்பும் பொறுப்பல்ல என்று ஒரு வாசகம் இருக்கும். சமவெளியில் எழுதப்பட்ட அந்த வாசகத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மலை இறங்கி வந்து தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களைப் புதைத்த பிறகும், மலையகத்தில் மண்சரிவை எதிர்பாராத நிகழ்வு என்று எவரும் சொல்ல முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து வலயங்களை வரைபடமாக வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்ற மட்டங்களிலேயே அதன் அறிவித்தல்கள் அமைகின்றன. வரைபடத்தில் சிவப்பாகக் காட்டப்பட்ட சரிவை வெட்டிப் பாதை போட்டுவிட்டு, சராசரிப் பருவமழையில் அது சரிந்ததும் இயற்கையைக் கைகாட்டுவதற்கு எந்த ஒப்பந்தமும் இடம் தரக் கூடாது.

மழை எண்ணால் அளக்கப்படுவதால் இடரையும் எண்ணாலேயே பிரிக்கலாம் என்பது என் யோசனை. மூன்றாம் மட்டத்துக்கு உட்பட்ட மழையில் வெட்டுச்சரிவோ வடிகாலோ தடுப்புச்சுவரோ பழுதானால் அது வடிவமைப்பின் குறை. முழுச் செலவும் கம்பனிக்கு. அதற்கு மேல், அந்தப் பகுதியின் நீண்டகாலப் பதிவில் உள்ள உச்சமழைவரை நேரும் சேதத்தை இரு தரப்பும் முன்கூட்டி உடன்பட்ட வீதத்தில் பகிரலாம். பதிவையே மீறிய மழைக்கு, டித்வா போன்றவற்றுக்கு, காப்புறுதியும் அரசும் முன்வர வேண்டும். பதிவு எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: தோட்டக் கந்தோர் முற்றத்தில் நிற்கும் மழைமானியைக் காலையில் அளந்து பேரேட்டில் எழுதுவது தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வேலை. பழுப்பேறிய அந்தப் பேரேடுகள் பல தோட்டங்களில் பல தசாப்தங்களுக்குப் பின்னோக்கிச் செல்கின்றன. கோடிக்கணக்கில் செலவழித்து ஆலோசகர்களை அழைப்பதற்கு முன் அவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். எந்த மேட்டில் மழைக்குப் பிறகு புது ஊற்றுக் கசியும், எந்தக் கானில் தண்ணீர் கலங்கி வந்தால் மேலே மண் அசைகிறது என்று பொருள் என்பதைக் கொழுந்து பறிப்பவர்களிடம் கேட்கலாம். இடர்களை இனங்காணும் கூட்டம் கொழும்பில் குளிரூட்டிய அறையில் நடந்தால் அங்கே வட்டிவீதத்தை அறிந்தவர் இருப்பார், அந்தக் கானை அறிந்தவர் இருக்கமாட்டார்.

சிறு நீர்மின் நிலையங்களில் இந்தப் பங்கீடு ஓரளவு நன்றாகவே அமைந்திருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1990களின் பிற்பகுதியிலிருந்து, 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட நிலையங்களுக்கென ஒரே மாதிரியான கொள்வனவு உடன்படிக்கை பயன்பட்டு வந்தது. அனுப்பிய அலகுக்கே பணம். ஆற்றில் நீர் இல்லையென்றால் வருமானமும் இல்லை. வறட்சியின் இடர் ஓடையை ஆய்ந்து இடத்தைத் தெரிவு செய்தவருக்கே போனதால், ஆய்வும் கவனமாக நடந்தது. ஆனால் வாங்குபவர் அரச நிறுவனம், அதனால் பணம் வருமா என்ற கவலையே இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2022 நெருக்கடியில் மாதக்கணக்கில் கொடுப்பனவு நிலுவையாகி, சிறிய முதலீட்டாளர்கள் வங்கிக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தார்கள். அரசு தரவேண்டிய பணம் தாமதமாவதும் ஓர் இடர் என்று ஏற்று அதற்கு வட்டியும் கால எல்லையும் எழுதுவது தனியாருக்குச் செய்யும் சலுகை அன்று. அதே உடன்படிக்கையில் இல்லாத மற்றொருவரும் உண்டு. தடுப்பணையில் திருப்பப்பட்ட நீர் குழாய் வழியாக மின்நிலையத்துக்குப் போய் மீண்டும் ஆற்றில் சேரும்வரை, இடைப்பட்ட படுகையில் கற்களே மிஞ்சும். அங்கே குளித்தும் துவைத்தும் பீலி வைத்துத் தண்ணீர் பிடித்தும் வாழ்ந்த லயன்களுக்காகக் குறைந்தபட்ச நீரைத் திறந்துவிட வேண்டும் என்று சுற்றாடல் அனுமதியில் நிபந்தனை இருக்கக்கூடும். அதை யார் எப்போது அளக்கிறார், மீறினால் தண்டம் யாருக்குச் சேரும் என்பதை அந்த லயனில் எவரிடம் கேட்டாலும் தெரியாது.

காணிச் சுவீகரிப்பில் இந்த விடுபடல் இன்னும் கூர்மையாகிறது. காணிச் சுவீகரிப்புச் சட்டம் உரித்துள்ளவரைத் தேடுகிறது. தோட்டக் காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. லயன் அறையில் நான்கு தலைமுறையாக இருப்பவரிடம் உறுதிப்பத்திரம் இல்லை. ஆகவே பாதை அகலமாகும்போது நட்டஈட்டுப் பேச்சு அரசுக்கும் கம்பனிக்கும் இடையில் முடிந்துவிடக்கூடும். உறுதி இல்லாதவர்களுக்கும் இழப்பீடும் மீள்குடியேற்றமும் உண்டு என்று 2001 இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை சொல்கிறது. கொள்கை என்பது சட்டம் அல்ல. அதை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவாகச் சேர்த்தால்தான் அதற்குப் பல் முளைக்கும். காணி சம்பந்தமான இடரை அரசு ஏற்கிறது என்று எழுதப்படும்போது, கம்பனிக்கு நேரும் தாமதத்தை மட்டும் அது குறிப்பதாக இருக்கக் கூடாது.

வர்த்தக இரகசியம் என்று சொல்லி இவற்றையெல்லாம் மூடிவைப்பது கம்பனிகளுக்கே நன்மையல்ல. மாலைதீவில் மாலே விமான நிலையத்தை 2010 இல் இந்திய நிறுவனமொன்று பொறுப்பேற்றது; மக்கள் ஐயமும் அரசியல் மாற்றமும் சேர்ந்து 2012 இல் ஒப்பந்தம் இரத்தானது; பின்னர் 27 கோடி டொலர் நட்டஈடு செலுத்துமாறு நடுவர் மன்றம் மாலைதீவுக்குக் கட்டளையிட்டது. எவர் என்ன பொறுப்பை ஏற்றார் என்று தொடக்கத்திலேயே ஊரறிந்த ஒப்பந்தத்தைப் புதிய அரசாங்கம் கிழிப்பது கடினம். போட்டியின்றித் தாமாகவே முன்வந்து யோசனை கொடுக்கும் முதலீட்டாளர்கள் விடயத்தில் இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனெனில் அங்கே இடர் அட்டவணையை எழுதுபவரும் அவரே.

கேட்பதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, 5 இலட்சம் ரூபாயைத் தாண்டும் உள்நாட்டு நிதித் திட்டமோ ஓர் இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டும் வெளிநாட்டு நிதித் திட்டமோ தொடங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்னதாக அதுபற்றிய தகவல்களைப் பகிரங்கப்படுத்துவது பொறுப்பான அமைச்சரின் கடமை. அந்தத் தகவலோடு இடர் அட்டவணையையும் மூன்று மொழிகளிலும் சேர்த்து, பிரதேச செயலகத்திலும் தோட்டக் கந்தோர் அறிவித்தல் பலகையிலும் வைக்க வேண்டும். விலைமனுவின் இலாபக் கணக்குகளை மறைத்துக்கொள்ளட்டும், யார் எதை ஏற்கிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அட்டவணையில் அரசு, கம்பனி என்ற இரண்டு நிரல்களுக்குப் பக்கத்தில் அயலவர் என்று மூன்றாவது நிரல் ஒன்று இருக்கட்டும். ஒவ்வோர் இடருக்கும் நேராக அந்த நிரலில் எதுவும் எழுதப்படாவிட்டால், அது ஏன் வெறுமையாக உள்ளது என்று பிரதேச அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும். கொண்டுவரப்படும் பங்குடைமைச் சட்டத்தில் இதை ஒரு நிபந்தனையாக்கினால், திட்டத்துக்குத் திட்டம் நாம் கெஞ்ச வேண்டிய தேவையும் இராது. அரசு கொடுக்கும் உத்தரவாதங்கள் அனைத்தும், பணம் செலுத்த நேராவிட்டாலும்கூட, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தோடு பாராளுமன்றத்துக்கு வர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்க வேண்டியது.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். மலையகத்தில் அடுத்து எந்தத் திட்டத்துக்கு அமைச்சரவை அனுமதி கிடைத்தாலும், தகவல் அறியும் விண்ணப்பமொன்றைச் சமர்ப்பித்து அதன் இடர் அட்டவணையைப் பெற்று, முதலீட்டுத் தொகைச் செய்திக்குக் கொடுக்கும் அதே இடத்தில் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். அப்படியொரு அட்டவணை தயாரிக்கப்படவே இல்லை என்று பதில் வருமானால், அந்தப் பதிலையே முதற் பக்கத்தில் போடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர்,
பண்டாரவளை.